ஸ்டார்ட்அப் விற்கும்போது யாருக்கு எவ்வளவு? எக்ஸெல்லில் போட்டுப் பார்ப்போம்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நாம் எல்லாரும் ஒரே மாதிரிதான். பாட்டு கேட்போம், படம் பார்ப்போம், கேம்ஸ் விளையாடுவோம். ஒரு நாள் எக்ஸெல் புரோகிராமைத் திறந்தால் திரை முழுக்க வெறும் கட்டங்கள் தெரியும். இது ஆபீஸில் வேலை செய்பவர்களுக்கு என்று நினைத்து உடனே மூடிவிடுவோம். அந்தக் கட்டங்களை வைத்து வீட்டில் எடுக்க வேண்டிய ஒரு பெரிய முடிவைச் சரிபார்ப்பது எப்படி என்று இந்த மாதம் பார்ப்போம்.

எதற்கு இந்தக் கணக்கு?

நான் வசிக்கும் ஓசூரில் வேலை என்றால் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய கம்பெனிகளின் பெயரைத்தான் சொல்வார்கள். மாதச் சம்பளம், பி.எப்., போனஸ் என்று எல்லாம் தெளிவாக இருக்கும். இப்போது அவற்றோடு ஸ்டார்ட்அப் கம்பெனிகளும் சேர்ந்துவிட்டன. சென்னை ஐஐடியில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013ல் தொடங்கிய ஏத்தர் எனர்ஜி, 2021ல் ஓசூரில் மின் ஸ்கூட்டர் தொழிற்சாலையைத் திறந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி பக்கத்தில் ஓலா எலக்ட்ரிக் தொழிற்சாலை இருக்கிறது. அத்திப்பள்ளியைத் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போனால் சாப்ட்வேர் ஸ்டார்ட்அப்கள் இன்னும் பல.

இப்படிப்பட்ட கம்பெனிகள் தரும் வேலைக் கடிதத்தில் சம்பளத்தோடு இன்னொரு வரியும் இருக்கலாம். "இத்தனை பங்குகள் தருகிறோம்" என்பதே அது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் தன் மகனுக்கு வந்த இரண்டு கடிதங்களை என்னிடம் காட்டினார். ஒரு கம்பெனி மாதம் 10,000 ரூபாய் கூடுதலாகத் தருகிறது. இன்னொன்றில் சம்பளம் குறைவு, ஆனால் 100 பங்குகள் உண்டு. "தம்பி, நாளைக்கு இந்தக் கம்பெனிய 20 கோடிக்கு வித்தாங்கன்னா என் பையனுக்கு என்ன வரும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல ஸ்டார்ட்அப் எப்படி வளர்கிறது, எப்படி விற்கப்படுகிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

ரெட்பஸ் வளர்ந்த கதை

ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள பெங்களூருவிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. பஸ் டிக்கெட் எடுக்க நம்மில் பலர் பயன்படுத்தும் ரெட்பஸ்தான் அது.

2005 தீபாவளிக்கு ஐதராபாத் போக டிக்கெட் கிடைக்காமல் தவித்தார் பணீந்திர சாமா என்ற இன்ஜினியர். ஒவ்வொரு ஏஜென்டிடமும் போய்க் கேட்டும் பயனில்லை. எந்த பஸ்ஸில் எத்தனை சீட் காலி என்பது ஒரே இடத்தில் யாருக்கும் தெரியாததுதான் பிரச்னை என்று புரிந்துகொண்டார். பிலானி பிட்ஸ் கல்லூரியில் உடன் படித்த சுதாகர் பசுபுனூரி, சரண் பத்மராஜு ஆகியோருடன் சேர்ந்து 2006ல் ரெட்பஸ்ஸைத் தொடங்கினார்.

முதலில் பஸ் முதலாளிகளுக்கான சாப்ட்வேரைத்தான் எழுதினார்கள். அதை வாங்க யாரும் ஆர்வம் காட்டவில்லை. அதனால் சில சீட்டுகளை வாங்கி இன்டர்நெட்டில் தாங்களே விற்றுக் காட்டினார்கள். டிக்கெட் விற்கத் தொடங்கியதும் பஸ் முதலாளிகளுக்கு நம்பிக்கை வந்தது.

வளர்வதற்குப் பணம் வேண்டும். 2007ல் சீட்பண்ட் என்ற முதலீட்டு நிறுவனம் பணம் போட்டது. பிறகு இன்வென்டஸ், ஹீலியான் ஆகியவை போட்டன. 2013 ஜூனில் ஐபிபோ குழுமம் ரெட்பஸ்ஸை வாங்கியது. 2017ல் ஐபிபோவே மேக்மைட்ரிப் நிறுவனத்துடன் இணைந்தது.

தொடங்குவது, முதலீடு வாங்குவது, வளர்ப்பது, விற்பது என்ற இந்த நான்கு படிகளையும் ஒரு ஒர்க்‌ஷீட்டில் போட்டுப் பார்த்துவிடலாம். கீழே வரும் எண்கள் எல்லாம் பயிற்சிக்காக நான் வைத்துக்கொண்டவை. எந்தக் கம்பெனியின் கணக்கும் அல்ல.

படி 1: பட்டியலை டைப் செய்யுங்கள்

எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமை இலவசமாக டவுன்லோட் செய்துகொள்ளலாம். இந்தப் பாடம் இரண்டிலும் வேலை செய்யும். செல்களின் பெயரை ஏ, பி, சி என்று தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் அவை ஆங்கில எழுத்துகளாக இருக்கும்.

முதல் வரிசையில் ஏ1ல் பெயர், பி1ல் பங்குகள், சி1ல் சதவீதம் என்று தலைப்பு கொடுங்கள். பிறகு ஏ வரிசையில் பெயரையும் பி வரிசையில் எண்ணையும் இப்படி டைப் செய்யுங்கள்.

2: நிறுவனர் ஒருவர் – 50000
3: நிறுவனர் இரண்டாமவர் – 40000
4: ஊழியர்கள் – 10000
5: முதல் முதலீட்டாளர் – 25000
6: இரண்டாம் முதலீட்டாளர் – 31250
7: மொத்தம்

எண்களுக்கு நடுவே கமா போட வேண்டாம். இப்போது பி7 செல்லில் கிளிக் செய்து, சிக்மா அடையாளம் உள்ள ஆட்டோசம் பட்டனை அழுத்தி என்டர் தட்டுங்கள். 156250 என்று வர வேண்டும்.

படி 2: சதவீதம்

சி2 செல்லில் கிளிக் செய்து சமக் குறியை டைப் செய்யுங்கள். பி2 செல்லை மவுஸால் கிளிக் செய்யுங்கள். வகுத்தல் கோட்டை டைப் செய்து, பி7 செல்லைக் கிளிக் செய்யுங்கள். என்டர் தட்டுவதற்கு முன் எஃப்4 கீயை ஒரு முறை அழுத்துங்கள். பி7 என்ற பெயரில் டாலர் குறிகள் சேரும். பிறகு என்டர் தட்டி, சதவீத பட்டனை அழுத்தினால் 32 சதவீதம் என்று காட்டும்.

டாலர் குறி எதற்கு? இந்த பார்முலாவை அடுத்த செல்களுக்கும் இழுக்கப் போகிறோம். சி2 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தைப் பிடித்து சி7 வரை இழுங்கள். பி2 என்பது பி3, பி4 என்று தானாக மாறும். மொத்தம் உள்ள பி7 மட்டும் மாறக்கூடாது. அதை அதே இடத்தில் நிறுத்தி வைப்பதுதான் டாலர் குறியின் வேலை. அதை மறந்தால் பார்முலா கீழே உள்ள காலி செல்லால் வகுக்கப் பார்த்துப் பிழைச் செய்தி கொடுக்கும்.

சரியாகச் செய்திருந்தால் 32, 25.6, 6.4, 16, 20 என்றும் கடைசியில் 100 என்றும் வரும். புள்ளிக்குப் பின் உள்ள எண் தெரியாவிட்டால் டெசிமல் கூட்டும் பட்டனை ஒரு முறை அழுத்துங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். முதல் நிறுவனர் தொடங்கும்போது மொத்தம் 1,00,000 பங்குகள்தான். அதில் அவருக்குப் பாதி. முதல் முதலீட்டாளர் 2 கோடி ரூபாய் போட்டு 25,000 புதுப் பங்குகள் வாங்கியதும் அவர் பங்கு 40 சதவீதமானது. இரண்டாமவர் 15 கோடி போட்டு 31,250 புதுப் பங்குகள் வாங்கியதும் 32 ஆனது. அவர் கையில் உள்ள 50,000 பங்குகள் குறையவே இல்லை. மொத்தம் கூடியதால் சதவீதம் குறைந்தது. ஊழியரின் 100 பங்குகளுக்கும் இதே கதிதான். எனவே "100 பங்கு" என்று மட்டும் சொன்னால் ஒன்றும் தெரியாது. மொத்தம் எத்தனை என்று கேட்டால்தான் தெரியும்.

படி 3: கம்பெனியை விற்போம்

ஏ9ல் விற்பனை விலை என்று எழுதி, பி9ல் 1000000000 என்று டைப் செய்யுங்கள். ஒன்றுக்குப் பின் 9 பூஜ்யம், அதாவது 100 கோடி. பி10ல் சமக் குறி, பி9, வகுத்தல் கோடு, பி7 என்று பார்முலா கொடுங்கள். ஒரு பங்கின் விலை 6400 என்று வரும். பி11ல் நம் பங்குகளாக 100 என்று டைப் செய்து, பி12ல் பி10ஐ பி11ஆல் பெருக்குங்கள். பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி. விடை 640000, அதாவது 6,40,000 ரூபாய்.

இப்போது பி9ல் மட்டும் 200000000 என்று மாற்றுங்கள். 20 கோடி. மற்ற செல்கள் தாமாகவே மாறி, பி12ல் 128000 என்று வரும். எக்ஸெல்லின் பெரிய வசதி இதுதான். ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

பரவாயில்லை, 1,28,000 ரூபாய் வருமே என்று தோன்றும். ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை.

படி 4: முதலீட்டாளரின் முன்னுரிமை

முதலீட்டாளர்கள் வாங்குவது பெரும்பாலும் முன்னுரிமைப் பங்குகள். கம்பெனி விற்கப்பட்டால், போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். போட்ட பணமா, சதவீதப்படியா என்று பார்த்து எது அதிகமோ அதை எடுப்பார்கள்.

20 கோடியில் இரண்டாமவரின் 20 சதவீதம் 4 கோடிதான். ஆனால் அவர் போட்டது 15 கோடி. எனவே 15 கோடியை எடுத்துக்கொள்வார். மீதி 5 கோடி. அதில் முதல் முதலீட்டாளர் மற்றவர்களோடு பங்கு பிரித்தால் 1 கோடிதான் வரும். அதனால் அவரும் போட்ட 2 கோடியை எடுத்துக்கொள்வார். ஆக 17 கோடி போய்விட்டது.

பி14ல் 170000000 என்று டைப் செய்யுங்கள். பி15ல் பி9லிருந்து பி14ஐக் கழியுங்கள். 3 கோடி வரும். பி16ல் நிறுவனர்கள், ஊழியர்களின் பங்குகளான 100000ஐ டைப் செய்யுங்கள். பி17ல் பி15ஐ பி16ஆல் வகுத்தால் ஒரு பங்குக்கு 300 ரூபாய். பி18ல் அதை பி11ஆல் பெருக்குங்கள். 100 பங்குக்கு 30,000 ரூபாய்!

அந்தப் பெரியவரின் கேள்விக்கு இந்தக் கணக்கு தரும் பதில் இதுதான். 1,28,000 என்று நினைத்தது 30,000 ஆகிவிடும். 17 கோடிக்கோ அதற்குக் கீழோ விற்றால் ஒன்றுமே வராது. "கம்பெனி 17 கோடிக்கு விற்றது" என்று பேப்பரில் பெரிய செய்தியாக வரலாம். அதில் இரவு பகல் வேலை செய்தவருக்குக் கையில் பூஜ்யமாக இருக்கலாம்.

நம் எண்களில் 75 கோடிக்கு மேல் விற்றால்தான் இரண்டு முதலீட்டாளர்களும் சதவீதப்படி எடுப்பார்கள். அங்கு படி 3ன் கணக்கு செல்லும். 75 கோடிக்கு ஒரு பங்கு 4,800 ரூபாய், 100 பங்கு 4,80,000. மாதம் 10,000 கூடுதல் சம்பளம் 4 ஆண்டுகளில் எவ்வளவு? அதுவும் 4,80,000. அதாவது கம்பெனி 75 கோடிக்கு மேல் விற்றால்தான் பங்கு வாங்கியவருக்கு லாபம். சம்பளம் மாதாமாதம் நிச்சயம். பங்கு நிச்சயமில்லை.

பங்கே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. சென்னையில் 2010ல் கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் தொடங்கிய பிரெஷ்வொர்க்ஸ், 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது. இந்தியாவில் உள்ள ஊழியர்களில் 500க்கும் அதிகமானவர்கள் அதனால் கோடீஸ்வரர்கள் ஆனதாக கிரீஷ் சொன்னார். கம்பெனியை முழுதாக விற்பது ஒரு வழி என்றால், பொதுமக்களுக்குப் பங்கு விற்பது இன்னொரு வழி. ஓலா எலக்ட்ரிக் 2024லும் ஏத்தர் 2025லும் இப்படித்தான் பங்குச் சந்தைக்கு வந்தன. ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ போல, வெளி முதலீடே வாங்காமல், விற்காமல் வளர்வது மூன்றாவது வழி.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

1. கம்பெனியின் மொத்தப் பங்குகள் எத்தனை? (பி7)
2. முதலீட்டாளர்கள் இதுவரை போட்ட பணம் எவ்வளவு, அதை முதலில் எடுக்கும் உரிமை உண்டா? (பி14)
3. பங்கை வாங்க நான் எவ்வளவு கட்ட வேண்டும்? அதை வரும் தொகையில் கழிக்க வேண்டும்.
4. எத்தனை ஆண்டுகளில் பங்கு என் கைக்கு வரும்? சட்டப்படி குறைந்தது ஓராண்டு. நடைமுறையில் 4 ஆண்டுகள் வரை பிரித்துத் தருவது வழக்கம்.
5. நடுவில் வேலையை விட்டால் என்ன ஆகும்?

வரியையும் மறக்க வேண்டாம். பங்கை வாங்கும்போது அதன் மதிப்புக்கும் நாம் கட்டும் விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாகக் கருதப்பட்டு வரி வரும். பிறகு விற்றால் வரும் லாபத்துக்குத் தனி வரி.

பயிற்சி: கம்பெனி 40 கோடிக்கு விற்றால் 100 பங்குக்கு எவ்வளவு? இந்த விலையில் இரண்டாம் முதலீட்டாளர் மட்டும் போட்ட பணத்தை எடுப்பார், முதலாமவர் மற்றவர்களோடு பங்கு பிரிப்பார். எனவே பி9ல் 400000000, பி14ல் 150000000, பி16ல் 125000 என்று மாற்றுங்கள். பி18ல் 200000 வந்தால் உங்கள் ஒர்க்‌ஷீட் சரி. பைலுக்கு ஒரு பெயர் கொடுத்து சேவ் செய்து வையுங்கள். வீட்டில் யாருக்காவது இப்படி ஒரு வேலைக் கடிதம் வரும்போது எண்களை மட்டும் மாற்றினால் போதும்.