வாசலை அடைத்து நிற்கும் கார்: எந்த வழியில் தீர்ப்பது?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து உட்தெருக்களில் வண்டி நிறுத்துவது பற்றி எழும் அண்டைவீட்டுத் தகராறுகள் பெரும்பாலும் இரண்டு வகை. கேட்டை அடைத்து வண்டி நிற்பதால் வீட்டுக்காரர் தன் வண்டியை வெளியே எடுக்க முடியாமல் போவது ஒரு வகை. மதிற்சுவர் ஓரம் பக்கத்து வீட்டுக் கார் நிற்கும்போது, போக வர வழி இருந்தும் "எங்கள் வீட்டு முன்னால் ஏன் நிறுத்துகிறார்கள்" என்று மனத்தாங்கல் வருவது இன்னொரு வகை. சட்டம் துணை நிற்பது முதல் வகைக்கு மட்டுமே. மதிலுக்கு வெளியே உள்ள தெரு பொதுவானது. எதிரே இருக்கும் வீட்டுக்காரருக்கு அதில் தனி உரிமை கிடையாது. ஆகவே எந்த வழியில் போவது என்று யோசிக்கும் முன், தகராறு இவற்றில் எது என்று நேர்மையாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டுக்கும் நடுவே அடிக்கடி வரும் ஒரு நிலையும் உண்டு. கார் ஒன்றின் அகலம் ஏறக்குறைய 6 அடி. 20 அடித் தெருவில் இருபுறமும் கார் நின்றால் நடுவே மிஞ்சுவது 8 அடி. கேட்டுக்கு நேர் எதிரில் ஒரு கார் நின்றாலே போதும், கேட் திறந்திருந்தும் வண்டியைத் திருப்ப முடியாது. ஆம்புலன்ஸும் தண்ணீர் லாரியும் நுழைய முடியாமல் போவதும் இப்படித்தான். இதை வெறும் மனத்தாங்கலாக ஒதுக்கிவிடக் கூடாது, இதுவும் வழிமறிப்புதான்.

இந்தத் தெருக்கள் கார்களை எண்ணிப் போட்டவை அல்ல. அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையும், பின்னர் 1960களில் தொழிற்பேட்டையும், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தன. அவற்றை ஒட்டி மனை பிரித்தபோது வேலைக்குப் போனவர்கள் சைக்கிளையும் ரயிலையும் நம்பியிருந்தார்கள். அன்று ஒரு கிரவுண்டில் ஒரு வீடு இருந்தது. இன்று அதே கிரவுண்டில் பல குடும்பங்கள் வாழும் அடுக்ககம் நிற்கிறது. வீட்டுக்கு ஒரு கார் தரைத்தளத்தில் அடங்கினாலும் இரண்டாவது கார் தெருவுக்கு வந்துவிடுகிறது. ஜப்பானில் 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கார் வாங்குபவர் அதை நிறுத்த இடம் இருப்பதற்குச் சான்று காட்ட வேண்டும். இங்கே அப்படி ஒரு கட்டுப்பாடு நடைமுறையில் இல்லாததால், இடப் பற்றாக்குறையின் சுமை அண்டைவீட்டார் உறவின் மேல் விழுகிறது.

கேட்டை அடைத்து நிறுத்துவது 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைப்படி தவறு. தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் இத்தகைய நிறுத்தத்துக்கு அபராதம் முதல் முறை 500 ரூபாய், மறுமுறை 1,500 ரூபாய். மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவு, தடைசெய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியையும் பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியையும் இழுத்துச் செல்ல ஆணையிடும் அதிகாரத்தைச் சீருடையில் உள்ள காவல் அதிகாரிக்குத் தருகிறது. அந்தச் செலவு வண்டிக்காரருடையது. பொதுவழியை மறிப்பதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆம் பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

வீட்டுக்காரர் தாமே "நோ பார்க்கிங்" போர்டு வைப்பதும், கல், பூந்தொட்டி, மணல் மூட்டை போட்டு இடம் பிடிப்பதும் சட்டத்தில் செல்லாது. 2024 ஏப்ரலில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, அனுமதியின்றி இப்படி வைப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று எச்சரித்தது. கேட்டின் மேல் "வாசலை மறிக்க வேண்டாம்" என்று எழுதி வைப்பது வேறு. அது தெருவைப் பிடிக்கவில்லை. தெருவுக்குள் நீளும் சாய்தளமும் ஆக்கிரமிப்புதான். புகார் கொடுக்கப் போகிறவர் முதலில் தம் வாசலைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எதிர்ப் புகார் அங்கிருந்துதான் கிளம்பும்.

இருக்கும் வழிகளில் செலவில்லாதது நேரில் பேசுவது. வண்டி நின்றுகொண்டிருக்கும்போது கோபத்தோடு பேசுவதைவிட, மறுநாள் காலை பேசுவது பலன் தரும். "இங்கே நிறுத்தாதீர்கள்" என்பதைவிட, "காலை எட்டரைக்கு வண்டி எடுக்க வேண்டும், அதற்குள் நகர்த்திவிடுங்கள்" என்று நேரத்தைச் சொல்லிக் கேட்பது எளிதில் ஏற்கப்படும். செல்போன் எண்ணை வாங்கிக்கொண்டாலே பாதித் தகராறு வராது. மழைக்காலத்தில் தாழ்வான தெருக்காரர்கள் மேட்டுத் தெருவில் கார் நிறுத்துவது சில நாள் சங்கதி. அதைப் பேச்சோடு விட்டுவிடலாம்.

பேசியும் தொடர்ந்தால் குடியிருப்போர் நலச்சங்கம் அடுத்த வழி. தெருவின் ஒருபக்கம் மட்டும் நிறுத்துவது, மாதம் மாற்றிப் பக்கம் மாறுவது, கேட்டுக்கு இருபுறமும் சில அடி விடுவது போன்ற ஏற்பாடுகளைச் சங்கத்தால்தான் கொண்டுவர முடியும். இது ஒருவரை மட்டும் குற்றவாளியாக நிறுத்தாது. ஆனால் சங்கத்தின் தீர்மானத்துக்குச் சட்டபலம் இல்லை. அபராதம் போடவோ சக்கரத்தில் பூட்டுப் போடவோ சங்கத்துக்கு அதிகாரம் கிடையாது. வாடகைக்கு வந்தவர்களையும் கூட்டத்துக்கு அழைக்காத சங்கங்களில் இந்த ஏற்பாடு நிலைப்பதில்லை.

அவசர வேளையில், மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்து வண்டிக்காரரும் தெரியாதபோது, 100 அல்லது 112ஐ அழைப்பதே சரி. அன்றாடம் நடக்கும் மறிப்புக்குக் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குவது பயன்தரும். கேட்டும் வண்டி எண்ணும் ஒரே படத்தில் தெரியும்படி, தேதி நேரத்தோடு சில புகைப்படங்கள் வேண்டும். இங்கே ஒரு குழப்பம் வரும். அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது, ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. ஆனால் காவலுக்கு மூன்றும் 2022 ஜனவரியில் தொடங்கிய ஆவடி ஆணையரகத்தின் கீழ் உள்ளன. சாய்தளம், ஆக்கிரமிப்பு, நிறுத்துமிடத்தைக் கடையாக மாற்றிய கட்டடம் ஆகியவை அந்தந்த உள்ளாட்சியிடம் போக வேண்டும். அம்பத்தூருக்கு 1913 என்ற எண் உண்டு. நிற்கும் வண்டி பற்றிய புகார் காவலுக்குப் போக வேண்டும். மாற்றிக் கொடுத்தால் மனு சுற்றிக்கொண்டே இருக்கும்.

காவல் புகார் வேகமானது என்றாலும் உறவைக் கெடுக்கும். நீண்டநாள் பகைக்கு, உரிமையியல் வழக்குக்கு முன்னால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடுவது மேல். வழக்குத் தொடராமலே அங்கே மனுக் கொடுக்கலாம்; இருதரப்பும் ஒத்துக்கொண்டு லோக் அதாலத்தில் முடித்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. எதிர்த்தரப்பு வர மறுத்தால் மட்டும் இந்த வழி பயன்படாது.

உரிமையியல் நீதிமன்றத்தில் நிரந்தர உறுத்துக்கட்டளை கேட்பது ஆண்டுக்கணக்கில் இழுக்கக்கூடியது. பொதுத் தெருவில் நிற்கும் காருக்காக அதில் இறங்குவது பெரும்பாலும் வீண். ஒரு நிலையில் மட்டும் அதுவே முதன்மையான வழியாகிறது. பழைய மனைப்பிரிவுகளில் சில தெருக்கள் உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்படாமல், மனைக்காரர்களின் பொதுப்பாதையாகவே இருக்கின்றன. அங்கே காவல் நிலையம் "இது சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்பும். அப்போது கிரயப் பத்திரத்தின் எல்லை விவரத்தில் பாதையின் அகலமும் அதைப் பயன்படுத்தும் உரிமையும் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்பதையும், லேஅவுட் வரைபடத்தின் நகலையும் வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே அறிவிப்பு அனுப்ப வேண்டும்.

எந்த வழியில் போனாலும் டயரில் காற்றைப் பிடுங்குவது, கண்ணாடியை உடைப்பது, வண்டியை மறித்து இன்னொரு வண்டி நிறுத்துவது ஆகியவை கூடாது. சேதம் விளைவித்தால் அது தனிக் குற்றம். அதுவரை புகார்தாரராக இருந்தவர் அன்றே எதிரியாகி காவல் நிலையத்தில் நிற்க வேண்டிவரும்.