நீரை விரும்பும் சவ்வு

வானம் பார்த்த பூமியாகிய அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பிரதேசத்தில் கிணறு தோண்டுவோர்க்குக் கவலை இரண்டு: ஊற்று உண்டா என்பது ஒன்று, உவர்ப்பா என்பது மற்றொன்று. உவர்நீரைக் குடிநீராக்கும் சாதனம் சவ்வு. அதன் மேற்பரப்பைப் பற்றி ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

சௌரிராஜன் என்னும் இந்திய அறிஞரும் சிட்னி லோப் என்பவரும் கலிபோர்னியாவில் செல்லுலோஸ் அசிடேட்டினால் உப்பை நீக்கும் சவ்வு செய்தனர். 1965இல் அவ்வகைச் சவ்வு கோலிங்கா என்னும் ஊரின் உவர்நீரைக் குடிநீராக்கிற்று. செல்லுலோஸ் நம் கரிசல் பருத்தியின் மூலப்பொருளேயாம். அச்சவ்வு நீரை விரும்புவது. ஆயினும் காரத்திலும் கிருமிகளாலும் கெடுவது.

ஆகவே, உப்பு நீக்கும் சவ்வுக்கு முன்னே நின்று கலங்கலை வடிக்கும் சவ்வுகளைப் பாலிசல்போன் முதலிய உறுதியான பொருள்களால் செய்கின்றனர். இவற்றின் குறை யாதெனில், நீரோடு எளிதில் ஒட்டாமையே. தாமரை இலைமேல் நீர்த்துளி உருண்டு நிற்கும். துவைத்த துணியில் பரவிவிடும். துளியின் விளிம்பு பரப்போடு செய்யும் கோணம் 90 பாகைக்கு மேற்படின் அப்பரப்பு நீரை வெறுப்பது என்பர். நீர் விலகும் இடத்தில் எண்ணெய்ப்பசையும் அழுக்கும் ஒட்டித் துளைகளை அடைக்கின்றன. அழுத்தம் மிகுதியாக வேண்டப்படும், செலவும் ஏறும்.

இதற்கு உபாயம் நம் ஊர்ச் சாயக்காரர் அறிந்ததே. பருத்தி நூலின்மேல் இயற்கையாக மெழுகு படிந்திருப்பதால் புது நூல் தண்ணீரில் மிதக்கும். சோடாக் காரத்தில் வேகவைத்து மெழுகை நீக்கிய பின்னரே சாயம் உட்புகும். நூலின் வலிமை உள்ளே. நீரோடு உறவு மேற்பரப்பில்.

சவ்விலும் நீரை விரும்பும் பொருளை மேலே பூசலாம், வார்க்கும்போதே கலக்கலாம், ஒளியாலோ மின்னேற்றிய வாயுவாலோ பரப்பைத் தூண்டி, அப்பொருளின் இழைகளை ஒட்டுச்செடிபோல் வளர்க்கலாம். அவ்விழைகள் மெல்லிய நீர்ப்படலத்தைப் பற்றிக்கொள்வதால் அழுக்கு நெருங்கமாட்டாது.

வெறும் பூச்சு, கெட்டியற்ற சாயம்போல் நாளடைவில் கழுவுண்டு போகும். ஒட்டி வளர்த்ததோ நிலைக்கும். ஆனால் இழைகள் மிகுந்தால் அவையே துளைகளை அடைத்துவிடும், அளவறிதல் அவசியம்.

சவ்வு நெடுநாள் உழைத்தால் குடிநீரின் விலை குறையும். குடத்தைச் சுமந்து நெடுந்தூரம் நடக்கும் நாட்டில் அது சிறிய காரியமன்று. இரசாயனம் கற்கும் நம் மாணவர் சாயப்பட்டறையையும் ஒருமுறை சென்று காண்பாராக.