வீடும் வாக்கும்: சிங்கப்பூர் நகர அரசு பற்றி ஓர் ஆய்வு

(மூன்றாமாண்டு இளங்கலை, அரசியல் அறிவியல்)

முன்னுரை

நகர அரசு என்றதும் ஏதென்சும் ஸ்பார்ட்டாவுமே நம் நினைவுக்கு வருகின்றன. அரசியல் தத்துவ வகுப்பில் அவற்றைப் படித்துவிட்டு, அவை பழங்காலத்தோடு மறைந்தன என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் நகரமே நாடாகவும் நாடே நகரமாகவும் இன்றும் விளங்குவது சிங்கப்பூர். ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர் பரப்பும் 60 இலட்சம் மக்களும் கொண்ட அந்நாட்டின் நான்கு ஆட்சி மொழிகளுள் தமிழும் ஒன்று. அதன் துறைமுகத்தையும் தூய்மையையும் புகழ்ந்து எழுதியோர் பலர். அங்கே ஒரு சாதாரணக் குடும்பம் குடியிருக்கும் வீட்டின் வழியே அந்நாட்டு அரசியலைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடிசையிலிருந்து அடுக்குமாடிக்கு

ஆங்கிலேயர் ஆட்சியில், 1927 முதல் 1959 வரையிலான 32 ஆண்டுகளில், அரசின் வீட்டு வசதி அமைப்பு கட்டிய வீடுகள் ஏறத்தாழ 23,000 மட்டுமே. 1959இல் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றது. 51 இடங்களில் 43ஐ வென்ற மக்கள் செயல் கட்சி, லீ குவான் யூ தலைமையில் ஆட்சி அமைத்தது. 1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது.

மறு ஆண்டு மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீ என்னும் குடிசைப் பகுதி தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். எரிந்த இடத்திலேயே அடுக்குமாடிகள் எழுந்தன. முதல் ஐந்தாண்டுகளில் கழகம் 50,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி முடித்தது. 1965 ஆகஸ்டு 9இல் மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடான பின்னர் இப்பணி மேலும் விரைவு பெற்றது.

மூன்று கருவிகள்

இத்தனை வீடுகளுக்கு நிலமும் பணமும் எங்கிருந்து வந்தன? இங்குதான் பொதுக் கொள்கையின் நுட்பம் விளங்குகிறது.

முதலாவது நிலம். 1966ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் அரசுக்குப் பெரும் அதிகாரம் அளித்தது. இழப்பீட்டுத் தொகை 1973ஆம் ஆண்டின் விலையை மிஞ்சக்கூடாது எனப் பின்னர் வரம்பு கட்டப்பட்டது. அந்த வரம்பு 1987 வரை மாறவில்லை. முழுச் சந்தை விலை வழங்கும் முறை 2007இல்தான் வந்தது. 1960இல் நிலத்தில் ஏறத்தாழ 44 விழுக்காடு அரசிடம் இருந்தது. இன்று ஏறத்தாழ 90 விழுக்காடு அரசுக்குரியது.

இரண்டாவது பணம். 1955இல் தொடங்கிய மத்திய சேமநிதியில் தொழிலாளியும் முதலாளியும் மாதந்தோறும் பணம் செலுத்த வேண்டும். முதுமைக்கென ஏற்பட்ட அந்தச் சேமிப்பை வீடு வாங்கவும் பயன்படுத்தலாம் என 1968இல் அனுமதிக்கப்பட்டது.

மூன்றாவது உடைமை. 1964 முதல் வீடுகள் வாடகைக்கு மட்டுமின்றி விற்பனைக்கும் வந்தன. 1967இல் கட்டாய இராணுவப் பணி வந்தது. காப்பதற்குத் தனக்கென ஒரு வீடு இருந்தால்தான் இளைஞன் நாட்டைக் காக்க முன்வருவான் என்று லீ குவான் யூ கருதினார். இன்று அங்கு நிரந்தரமாக வாழ்வோரில் ஏறத்தாழ பத்தில் எட்டுப் பேர் கழக வீடுகளில் வாழ்கின்றனர். பத்தில் ஒன்பது குடும்பங்களுக்குச் சொந்த வீடு உண்டு.

பிறிதொரு பக்கம்

இவ்வெற்றியை யாரும் மறுக்க இயலாது. ஆயினும் அதன் விலையை யார் கொடுத்தனர் என்று கேட்பது அரசியல் மாணவரின் கடமையாகும். குறைந்த இழப்பீட்டுக்கு நிலத்தை இழந்தவர்கள் முதலில் கொடுத்தனர். கம்பம் எனப்படும் சிற்றூர்களில் கோழியும் தோட்டமுமாக வாழ்ந்து, மாடிக்குக் குடிபெயர்ந்தவர்கள் அடுத்துக் கொடுத்தனர்.

1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை மற்றொரு சான்று. 1964இல் இனக் கலவரம் கண்ட நாடு அது. ஒவ்வொரு கட்டடத்திலும் வட்டாரத்திலும் ஒவ்வோர் இனத்தவரும் இவ்வளவுதான் இருக்கலாம் என இக்கொள்கை வரம்பிட்டது. ஒரு கட்டடத்தில் மலாய்க்காரருக்கான வரம்பு 25 விழுக்காடு. இந்தியரும் பிறரும் அடங்கிய பிரிவுக்கு 13 விழுக்காடாக இருந்தது, 2010இல் 15 ஆயிற்று. இதனால் தனித்தனிச் சேரிகள் உருவாகவில்லை. ஆனால், சீனர் வரம்பு நிறைந்துவிட்ட கட்டடத்தில் ஒரு தமிழர் தம் வீட்டை விற்க முனைந்தால், நாட்டில் பெரும்பான்மையினரான சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் குறையவே விலையும் குறையும். இக்குறையை உணர்ந்த அரசு, விற்க முடியாது தவிப்போரின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ளும் முறையை 2022இல் கொண்டுவந்தது.

வீட்டு வாசலில் தேர்தல்

சிறுபான்மையினர் நாடெங்கும் பரவி வாழ்வதால், அவர்கள் பெரும்பான்மையாக உள்ள தொகுதி என்று ஒன்றும் இல்லை. அவர்களுக்கு நாடாளுமன்றத்தில் இடம் உறுதி செய்யவேண்டி 1988இல் குழுத்தொகுதி முறை பிறந்தது. ஒரு கட்சி பல வேட்பாளர்களை ஓர் அணியாக நிறுத்த வேண்டும். அவர்களுள் ஒருவரேனும் சிறுபான்மையினராக இருத்தல் வேண்டும். வென்றால் அணி முழுவதும் வெல்லும். நோக்கம் நன்றே. ஆனால் சிறிய எதிர்க்கட்சிகளுக்குத் தகுந்த அணியைத் திரட்டுவது கடினமாயிற்று. ஓர் அமைச்சரின் செல்வாக்கில் புதியவர்கள் எளிதாக உள்ளே வரவும் வழி பிறந்தது.

அதே ஆண்டில் நகர மன்றச் சட்டமும் வந்தது. குடியிருப்பின் மின்தூக்கியையும் துப்புரவையும் கவனிக்கும் பொறுப்பு, தொகுதி உறுப்பினரிடம் ஒப்படைக்கப்பட்டது. தவறானவரைத் தேர்ந்தெடுத்தால் விளைவை வாக்காளரே காணட்டும் என்பது அதன் கருத்து. 1997ஆம் ஆண்டுத் தேர்தலில் பிரதமர் கோ சோக் தோங், ஆளுங்கட்சியை ஆதரிக்கும் தொகுதிகளுக்கே வீட்டு மேம்பாட்டில் முன்னுரிமை என்று அறிவித்தார். எதிர்க்கட்சியினர் வென்ற இடங்கள் நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்தன.

ஆனால் அந்த இரண்டு தொகுதிகளையும் நாம் மறக்கக்கூடாது. ஹவ்காங், பொத்தோங் பாசிர் வாக்காளர்கள் மேம்பாடு பிந்தினாலும் பரவாயில்லை என்று மீண்டும் எதிர்க்கட்சியினரையே தேர்ந்தெடுத்தனர். அவர்களுக்கு முன்னோடியும் உண்டு. 1968 முதல் எல்லா இடங்களும் ஆளுங்கட்சியிடமே இருந்த மன்றத்துக்குள், 1981ஆம் ஆண்டு ஆன்சன் இடைத்தேர்தலில் வென்று நுழைந்தார் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஜே.பி. ஜெயரத்தினம். 2011இல் பாட்டாளிக் கட்சி அல்ஜூனிட் குழுத்தொகுதியையே கைப்பற்றியது. எதிர்க்கட்சிக்குத் தடையெனக் கருதப்பட்ட வாயிலே அதன் நுழைவாயிலும் ஆயிற்று. 2025ஆம் ஆண்டுத் தேர்தலில் ஏறத்தாழ 65.6 விழுக்காடு வாக்குப் பெற்ற மக்கள் செயல் கட்சிக்கு 97இல் 87 இடங்கள் கிடைத்தன. பாட்டாளிக் கட்சி 10 இடங்களில் வென்றது.

முடிவுரை

கழக வீட்டை வாங்குவோர் பெறுவது 99 ஆண்டுக் குத்தகை. அது முடியும் நாளில் வீடு அரசுக்கே திரும்பும். முதல் தலைமுறை வாங்கிய வீடுகளில் பாதிக் காலம் கழிந்துவிட்டது. பழைய வீடுகள் எல்லாவற்றையும் அரசு இடித்து மாற்று வீடு தராது என்று 2017இல் அமைச்சர் லாரன்ஸ் வோங் எச்சரித்தபோது பலர் கவலையுற்றனர். அவரே 2024 மே மாதம் பிரதமரானார். அக்கவலைக்கு விடை காணும் பொறுப்பும் இன்று அவர் ஆட்சியையே சார்ந்துள்ளது.

மாணவ நண்பர்களே! நிலம், சேமிப்பு, வீடு ஆகிய மூன்றும் ஒரே கையில் இருந்தமையால் குடிசைகள் மறைந்தன. அதே காரணத்தால் குடிமகனின் வாக்கும் அவன் வீட்டு மின்தூக்கியோடு பிணைக்கப்பட்டது. ஓர் அரசு என்ன கொடுத்தது என்று கணக்கெடுப்பதோடு நம் ஆய்வு நின்றுவிடலாகாது. கொடுத்த பின்னரும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை பெற்றவனுக்கு எஞ்சியிருக்கிறதா என்றும் பார்த்தல் வேண்டும். ஹவ்காங் வாக்காளர் அவ்வுரிமையைக் கைவிடவில்லை. வீட்டையும் விரும்பி வாக்கையும் காத்துக்கொண்ட அவர்களிடம் நாம் கற்க வேண்டிய பாடம் உண்டு.