வேலி பயிரை மேயுமா? ஆன்டிவைரஸ் தடையும் வகுப்பறைப் பாடமும்

வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது என்று நம் பழமொழி கேட்கிறது. காக்க வேண்டியதே அழிக்கத் தொடங்கினால் அந்த வேலி வேண்டாம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் வேலி மேய்ந்ததை யாரும் நேரில் பார்க்கவில்லை, மேயக்கூடும் என்ற அச்சம் மட்டும் இருக்கிறது என்றால்? அப்போதும் அதைப் பிடுங்கி எறியலாமா?

2017 முதல் பல நாட்டு அரசுகள் எதிர்கொண்டுவரும் கேள்வி இது. இங்கே வேலி என்பது கணினியைக் காக்கும் ஆன்டிவைரஸ் மென்பொருள். ரஷ்யாவின் மாஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட காஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் மென்பொருளை அமெரிக்கா படிப்படியாகத் தடை செய்தது. கணினிப் பாடத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று இது. எது நிரூபிக்கப்பட்டது, எது சொல்லப்படுகிறது, எது நடக்கக்கூடும் என்று பிரித்தறியும் பழக்கத்தை எந்தப் பாட ஆசிரியரும் இதைக்கொண்டு கற்பிக்கலாம்.

ஆன்டிவைரஸிடம் என்ன அதிகாரம் இருக்கிறது?

கணினியில் நாம் நிறுவும் மென்பொருள்களிலேயே மிக அதிக உரிமை பெற்றது ஆன்டிவைரஸ்தான். அந்த உரிமை இல்லாவிட்டால் அதனால் வேலை செய்ய முடியாது. அதன் வேலையை மூன்றாகப் பிரித்துச் சொல்லலாம்.

முதலாவது, படிப்பது. எந்தக் கோப்பில் நச்சுநிரல் ஒளிந்திருக்கிறது என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே எல்லாக் கோப்புகளையும் அது திறந்து பார்க்க வேண்டும். இயக்க அமைப்பின் அடித்தளம் வரை சென்று, நாம் காண முடியாத இடங்களையும் சோதிக்க வேண்டும்.

இரண்டாவது, அனுப்புவது. இதுவரை அறியாத, ஐயத்துக்குரிய கோப்பு ஒன்று கிடைத்தால், அதன் மாதிரியை இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பும் வசதி இன்றைய ஆன்டிவைரஸ்களில் இருக்கிறது. அங்கே ஆய்வாளர்கள் அதைப் பரிசோதிப்பார்கள். ஒருவர் கணினியில் பிடிபட்ட புதிய நச்சுநிரலிலிருந்து மற்ற எல்லோரும் காக்கப்படுவது இப்படித்தான்.

மூன்றாவது, பெறுவது. புதுப்புது நச்சுநிரல்கள் நாள்தோறும் வருவதால், நிறுவனத்திடமிருந்து நாள்தோறும் அப்டேட் வரவேண்டும். அந்த அப்டேட்டில் என்ன இருக்கிறது என்று பயனாளர் படித்துப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் பெரும்பாலோருக்குப் புரியாது.

படிக்கலாம், அனுப்பலாம், வெளியிலிருந்து கட்டளை பெறலாம். நல்ல காவலுக்குத் தேவையான இந்த மூன்றும் உளவு பார்ப்பதற்கும் போதுமானவை. மென்பொருள் ஒன்றுதான். அது யாருடைய சொல்லுக்குக் கட்டுப்படும் என்பதில்தான் சிக்கல்.

நடந்தது என்ன?

காஸ்பர்ஸ்கி நிறுவனம் 1997இல் தொடங்கப்பட்டது. அதன் நிறுவனர்களில் ஒருவரும் தலைவருமான யூஜின் காஸ்பர்ஸ்கி, சோவியத் காலத்தில் கேஜிபியின் உயர்கல்விப் பள்ளியில் குறியாக்கவியல் சார்ந்த தொழில்நுட்பப் படிப்பை முடித்தவர். உலகெங்கும் 40 கோடிப் பயனாளர்கள் இருப்பதாக நிறுவனம் சொல்லிவந்தது. அமெரிக்க அரசு அலுவலகங்கள் சிலவற்றிலும் அதன் மென்பொருள் பயன்பாட்டில் இருந்தது.

2017 செப்டம்பர் 13 அன்று அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஓர் ஆணை பிறப்பித்தது. நடுவண் அரசு அலுவலகங்கள் தம் கணினிகளில் இந்த மென்பொருள் இருக்கிறதா என்று 30 நாளில் கண்டறிய வேண்டும். 60 நாளில் அகற்றும் திட்டம் வகுக்க வேண்டும். 90 நாளில் அகற்றத் தொடங்க வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் இந்தத் தடை நாடாளுமன்றச் சட்டமாகவும் ஆனது.

2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. அடுத்த மாதமே ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகம், காஸ்பர்ஸ்கிக்குப் பதிலாக வேறு மென்பொருளைப் பயன்படுத்துமாறு அறிவுறுத்தியது. அது தடையன்று, எச்சரிக்கை. 2023இல் கனடா தன் அரசு கைப்பேசிகளில் இதைத் தடை செய்தது. 2025இல் ஆஸ்திரேலியா தன் அரசுக் கணினிகளிலிருந்து நீக்க உத்தரவிட்டது.

எல்லாவற்றையும் விடக் கடுமையானது 2024 ஜூன் 20 அன்று அமெரிக்க வணிகத் துறை வெளியிட்ட முடிவு. அதுவரை தடை அரசுக் கணினிகளுக்கு மட்டுமே இருந்தது. இப்போது பொதுமக்களுக்கும் தனியார் நிறுவனங்களுக்கும் விற்பதே தடை செய்யப்பட்டது. ஜூலை 20க்குப் பிறகு புதிய விற்பனை கூடாது. செப்டம்பர் 29க்குப் பிறகு பழைய பயனாளர்களுக்கும் அப்டேட் கூடாது. அதன்பின் நிறுவனம் அமெரிக்காவில் தன் அலுவலகத்தை மூடிக்கொண்டது.

இரு தரப்பு வாதங்கள்

அமெரிக்க அரசின் வாதத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். இந்த நிறுவனம் நம் ரகசியத்தை எடுத்து ரஷ்ய அரசிடம் கொடுத்துவிட்டது என்பதை நிரூபித்து, அதன்மேல் தடையை அரசு நிறுத்தவில்லை. ரஷ்யச் சட்டப்படி அந்நாட்டு உளவு அமைப்புகள் நிறுவனத்தின் ஒத்துழைப்பைக் கேட்கவும் வற்புறுத்தவும் முடியும், நிறுவனத்தின் மென்பொருளுக்கோ கணினிக்குள் அளவற்ற உரிமை இருக்கிறது, இவ்விரண்டும் சேர்வதே ஆபத்து என்பதுதான் அதன் அடிப்படை வாதம்.

2017 அக்டோபரில் வேறொரு செய்தியும் வெளிவந்தது. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையில் வேலை செய்த ஒருவர் ரகசியக் கோப்புகளை வீட்டுக் கணினியில் வைத்திருந்தார், அவை காஸ்பர்ஸ்கி வழியாக ரஷ்ய உளவாளிகள் கைக்குப் போயின என்று நாளிதழ்கள் எழுதின. நிறுவனம் தன் விளக்கத்தைச் சொன்னது: அந்தக் கணினியில் இருந்த உளவு நிரலைத் தன் மென்பொருள் நச்சுநிரல் என்றே கண்டுபிடித்தது, வழக்கம்போல் மாதிரி சர்வருக்கு வந்தது, அதில் ரகசிய நிரல் இருப்பதை அறிந்ததும் தலைவரின் உத்தரவுப்படி அழிக்கப்பட்டது, யாருக்கும் தரப்படவில்லை. அந்தக் கணினியின் உரிமையாளர், திருட்டு மென்பொருளுக்கான உரிம எண்ணை உருவாக்கும் நிரலை ஓட்டுவதற்காக ஆன்டிவைரஸைச் சிறிது காலம் நிறுத்திவைத்திருந்தார் என்றும் நிறுவனம் தெரிவித்தது.

இரண்டு கூற்றுகளிலும் பொதுவாக உள்ள ஒன்றை மாணவர்களுக்குக் காட்டலாம். கோப்பு வீட்டுக் கணினியிலிருந்து நிறுவனத்தின் சர்வருக்குப் போனது என்பதை இரு தரப்பும் சொல்கின்றன. அதன்பின் எங்கே போனது என்பதில்தான் வேறுபாடு.

நம்பிக்கையை மீட்க நிறுவனமும் முயன்றது. பல நாட்டுப் பயனாளர்களின் தரவைக் கையாளும் பணியைச் சுவிட்சர்லாந்துக்கு மாற்றியது. நிரலை வல்லுநர்கள் வந்து பார்வையிடும் மையத்தை 2018இல் சூரிக் நகரில் திறந்தது. 2024 தடை, தன் மென்பொருளை ஆராய்ந்து எடுத்த முடிவல்ல, அரசியல் சூழலால் வந்தது என்று சொன்னது. ஆனால் இன்று பரிசோதித்த நிரல் நாளைய அப்டேட்டில் மாறலாம். நிரலைத் திறந்து காட்டினால் மட்டும் ஐயம் தீர்ந்துவிடாததற்குக் காரணம் இதுதான்.

நீதிமன்றம் சொன்னது

நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது. விசாரணை நடத்தாமல் ஒருவரைப் பெயர் சொல்லித் தண்டிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்பது அமெரிக்க அரசமைப்பின் விதி. எங்களைப் பெயர் குறிப்பிட்டுத் தடை செய்தது அத்தகைய தண்டனையே என்று அது வாதிட்டது. 2018 நவம்பர் 30 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அரசு தன் கணினிகளைக் காத்துக்கொள்ள எடுத்த முன்னெச்சரிக்கை இது, தண்டனை அன்று என்று தீர்ப்பளித்தது.

குடிமையியல் வகுப்புக்கு இந்த வேறுபாடு அருமையான பொருள். ஒருவரைச் சிறைக்கு அனுப்பக் குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட வேண்டும். வீட்டுச் சாவியை ஒருவரிடம் தராமல் இருக்க அந்த அளவு நிரூபணம் தேவையில்லை. ஆனால் சாவியை மறுக்கும் உரிமையை அரசு தனக்கு மட்டுமன்றி எல்லாக் குடிமக்களுக்காகவும் தானே பயன்படுத்தலாமா? 2024 தடை எழுப்பும் கேள்வி இது. இதற்கு ஒரே விடை இல்லை.

அயல்நாடு மட்டும்தான் ஆபத்தா?

2024 ஜூலை 19 அன்று, அமெரிக்காவின் கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஓர் அப்டேட்டில் பிழை இருந்தது. ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியதாக மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. உலகெங்கும் விமானச் சேவைகள் தடைபட்டன. மருத்துவமனைகளும் வங்கிகளும் பாதிக்கப்பட்டன. உளவும் இல்லை, பகை நாடும் இல்லை. வெறும் பிழை.

அதே ஆண்டு செப்டம்பரில் மற்றொன்று நடந்தது. அமெரிக்காவை விட்டு வெளியேறிய காஸ்பர்ஸ்கி, தன் பயனாளர்களை வேறொரு நிறுவனத்தின் ஆன்டிவைரசுக்கு மாற்றியது. மாற்றம் வரும் என்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. ஆயினும் பழைய மென்பொருள் தானே நீங்கி, புதியது தானே அமர்ந்ததைக் கண்டு பலர் திகைத்தார்கள். பாதுகாப்பு மென்பொருளுக்கு நாம் கொடுத்திருக்கும் உரிமை எவ்வளவு என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

வகுப்பறையில் எப்படிக் கொண்டுசெல்வது?

தொடக்க வகுப்புகள்: ஒரு பெட்டியில் பத்து அட்டைகளை இடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு வாக்கியம் இருக்கட்டும். ஒன்றின் ஓரத்தில் மட்டும் சிவப்புப் புள்ளி. ஒரு குழந்தையை அழைத்து அந்த அட்டையைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். பிறகு, “மற்ற அட்டைகளில் என்ன எழுதியிருந்தது?” என்று கேளுங்கள். சிலவற்றையாவது படித்திருக்கும். தேடுகிறவர் எல்லாவற்றையும் பார்க்கிறார், ஆகவே தேடும் பொறுப்பை நம்பிக்கையானவரிடமே தரவேண்டும் என்ற கருத்து அங்கே பிறக்கும். மாணவர்களின் சொந்தப் பைகளைக்கொண்டு இந்த விளையாட்டை நடத்த வேண்டாம்.

நடுநிலை வகுப்புகள்: கரும்பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்து, ‘உறுதியான செய்தி’, ‘ஒரு தரப்பின் கூற்று’, ‘நடக்கக்கூடியது’ என்று தலைப்பிடுங்கள். கீழுள்ள வாக்கியங்களைக் குழுக்களிடம் தந்து உரிய கட்டத்தில் எழுதச் சொல்லுங்கள்.

1. நிறுவனத்தின் தலைமையகம் மாஸ்கோவில் உள்ளது.
2. தடைக்குக் காரணம் அரசியல் சூழலே.
3. ரஷ்ய அரசு வற்புறுத்தினால் நிறுவனத்தால் மறுக்க முடியாமல் போகலாம்.
4. 2024 செப்டம்பர் 29க்குப் பிறகு அமெரிக்காவில் அப்டேட் தரக் கூடாது என்று வணிகத் துறை உத்தரவிட்டது.
5. வீட்டுக் கணினியிலிருந்து வந்த கோப்பு அழிக்கப்பட்டது, யாருக்கும் தரப்படவில்லை.
6. பாதுகாப்பு மென்பொருளின் ஒரே அப்டேட் பல லட்சம் கணினிகளை முடக்கிவிடும்.

முதலாவதும் நான்காவதும் உறுதியான செய்திகள். இரண்டாவதும் ஐந்தாவதும் நிறுவனத்தின் கூற்றுகள். மூன்றாவது நடக்கக்கூடியது. ஆறாவதில் குழுக்கள் மாறுபடும். ஒருமுறை நடந்துவிட்டது என்பது செய்தி, மீண்டும் நடக்கும் என்பது வாய்ப்பு. அந்த விவாதத்தை அவசரப்பட்டு முடித்துவைக்காதீர்கள்.

உயர்நிலை, மேல்நிலை வகுப்புகள்: ‘நிரூபணம் இல்லாமல், ஆபத்துக்கான வாய்ப்பை மட்டும் கொண்டு அரசு ஒரு மென்பொருளைப் பொதுமக்களுக்கும் தடை செய்யலாம்’ என்ற தலைப்பில் பட்டிமன்றம் நடத்தலாம். பாதி நேரம் கடந்ததும் அணிகள் இடம் மாறி எதிர்த்தரப்புக்காகப் பேசட்டும். எதிர்த்தரப்பின் வலுவான வாதம் எது என்று ஒவ்வொருவரும் இறுதியில் ஒரு பத்தி எழுத வேண்டும். மதிப்பெண் அந்தப் பத்திக்கே.

ஆசிரியர் கவனத்துக்கு

இந்தப் பாடத்தில் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஓர் அரசின்மீதான ஐயம், மாணவர் மனத்தில் ஒரு நாட்டு மக்கள்மீதான வெறுப்பாக எளிதில் மாறிவிடும். “ரஷ்யர்கள் திருடர்கள்” என்று ஒரு மாணவர் சொன்னால், அந்த வாக்கியத்தையும் கரும்பலகையில் எழுதி எந்தக் கட்டத்தில் வரும் என்று கேளுங்கள். எதிலும் பொருந்தாது என்பதை வகுப்பே கண்டுகொள்ளும்.

நம் பள்ளிக் கணினிகளுக்கும் இது பொருந்தும். மாணவர்களின் பெயர், பிறந்த தேதி, முகவரி, பெற்றோர் கைப்பேசி எண் எல்லாம் அவற்றின் வழியாகவே பதிவாகின்றன. ஆகவே எந்த மென்பொருளையும் நிறுவுமுன் மூன்று கேள்விகள் போதும். இது எவற்றையெல்லாம் பார்க்க முடியும்? எங்கே அனுப்பும்? யார் அதற்குப் பொறுப்பு? மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாத மென்பொருள் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். திருட்டு உரிம எண்ணோடு பென்டிரைவில் வரும் ஆன்டிவைரஸ் அத்தகையது. அதற்குப் பதில் விண்டோஸோடு சேர்ந்தே வரும் பாதுகாப்பு வசதியை நிறுத்தாமல் வைத்து, அப்டேட்டுகளைத் தவறாமல் பெறுவதே மேல். இந்த மூன்று கேள்விகளையும் கணினி ஆய்வகச் சுவரில் மாணவர்களைக்கொண்டே எழுதி ஒட்டச் செய்யுங்கள்.