இரத்தக் கசிவும் கணிப்பொறியின் கணிப்பும்

இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ இரத்தம் கசியுமாயின், நோயாளி இரத்த வாந்தி எடுப்பார். அன்றி, மலம் தார்போல் கறுக்கும். இத்தகையோருள் எவரை மருத்துவமனையில் சேர்ப்பது, எவரை வீட்டிற்கு அனுப்புவது என்பதே முதல் வினாவாகும்.

2000-ஆம் ஆண்டில் வெளியான கிளாஸ்கோ-பிளாட்ச்ஃபோர்டு அளவுகோல், இரத்த யூரியா, ஹீமோகுளோபின், இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு முதலியவற்றிற்கு மதிப்பெண் இட்டு இதற்கு விடை காண்கிறது. இயந்திரக் கற்றலிலோ, முந்தைய நோயாளிகளின் குறிப்புகளையும் அவர்கள் அடைந்த முடிவுகளையும் ஒப்பிட்டுக் கணிப்பொறியே விதியைக் கண்டறிகிறது.

2020-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆபத்துள்ள எவரும் விடுபடாதவாறு எல்லை வகுக்கப்பட்டது. அப்போது ஆபத்தற்றோர் 100 பேருள் 12 பேரை அளவுகோலும், 26 பேரைக் கணிப்பொறியும் இனங்கண்டன. எனினும், ஓரிடத்தில் கற்ற விதியை வேறிடத்தில் சோதியாது பயன்படுத்தலாகாது.