ஃபார்மட் அடிப்பதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

ராசிபுரத்தில் சர்வீஸ் கடை போட்டுவிட்டதாகவும், வென்டாய் போட்ட பென்டிரைவில் ஏழெட்டு லைவ் ஓஎஸ்களை ஏற்றி ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்ப்பதாகவும் எழுதியிருந்தாய். சந்தோஷம். இதில் எது நல்லது என்று கேட்டிருக்கிறாய். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள். மேஜைக்கு வந்திருக்கும் சிஸ்டத்தில் எனக்கு என்ன தெரிய வேண்டும், அதைக் காட்ட எது போதும் என்று கேள். நம் பக்கம் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால், "ஃபார்மட் அடிச்சுக் குடுத்துருங்க" என்று தீர்ப்போடுதான் ஆள் வருவார். அதைக் கேட்டதும் கை பரபரக்காமல் இருக்க வேண்டும். லைவ் ஓஎஸ் உனக்குச் செய்யும் முதல் உதவி அதுதான்.

அது ஓடும் விதத்தைப் புரிந்துகொள். 2000-ல் ஜெர்மனிக்காரரான கிளவுஸ் நாப்பர், டெபியனை அடியாக வைத்து நாப்பிக்ஸை வெளியிட்டார். 700 எம்பி சிடிக்குள் ஏறத்தாழ 2 ஜிபி மென்பொருளைச் சுருக்கி அடைத்திருந்தார். ஓடும்போது வேண்டிய துண்டு மட்டும் விரிந்து ராமுக்கு வரும். இன்று சிடி போய் பென்டிரைவ் வந்துவிட்டது, ஏற்பாடு அதேதான். சுருக்கிய கோப்பு மாறாமல் கிடக்கும். நீ செய்யும் மாற்றமெல்லாம் ராமில் ஒரு மேலடுக்காக நிற்கும். கரண்டை நிறுத்தினால் அந்த அடுக்கு போய்விடும். இதில் ஹார்ட் டிஸ்க்குக்கு வேலையே இல்லை. அதைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக்கூட சிஸ்டத்தை ஓட்டலாம். கோளாறு விண்டோஸிலா, ஹார்ட்வேரிலா என்று பிரித்துப் பார்க்க முடிவது இதனால்தான்.

ஆத்தூர்ப் பக்கம் ஓர் எடை மேடைக்குப் போயிருந்தேன். குச்சிக்கிழங்கு ஏற்றிய டிராக்டர்கள் சேகோ ஆலைக்குப் போக வரிசை கட்டி நிற்கின்றன. இண்டிகேட்டரில் எடை ஒழுங்காகத் தெரிகிறது, கம்ப்யூட்டர் திரையில் பூஜ்யம். ஓஎஸ் போச்சு என்கிறார் ஒருவர், போர்டு போச்சு என்கிறார் இன்னொருவர், வயரை எலி கடித்திருக்கும் என்கிறார் மூன்றாமவர். பென்டிரைவில் லைவ் லினக்ஸை ஏற்றி, சீரியல் டெர்மினலைத் திறந்து, இண்டிகேட்டரில் இருந்த அதே 9600 வேகத்தை வைத்தேன். கறுப்புத் திரையில் எண்கள் வரிசையாக இறங்கின. டிராக்டர் மேடையில் ஏற ஏற எண்ணும் ஏறியது. அப்படியானால் வயர், போர்ட், இண்டிகேட்டர் மூன்றும் சரி. விண்டோஸில் காம் போர்ட் எண் மாறியிருந்தது, அவ்வளவுதான். அதைத் திருத்தியதும் சீட்டு அடிக்கத் தொடங்கிவிட்டது. எண் எதுவும் வராமல் போயிருந்தாலும் லாபம்தான், வயரிலிருந்து தேடு என்று தெரிந்திருக்கும்.

நாமக்கல் லாரிப் பட்டறைகளில் மூத்த மெக்கானிக் எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் ஸ்டார்ட் செய்துவிட்டுச் சத்தத்தைக் கேட்பார். நம் தொழிலிலும் பிரிக்கும் முன் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. அதற்கு எதையெதை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறேன்.

முதலாவது மெம்டெஸ்ட்86+. தீவன ஆலை ஆபீசிலிருந்து வரும் சிஸ்டத்தைத் திறந்தால் உள்ளே மாவு படிந்திருக்கும். வேளைக்கொரு நீலத்திரை வந்தால் ராமைக் கழற்றித் துடைத்து மாட்டி, இரவு முழுக்க இதை ஓடவிடு. காலையில் ஒரு சிவப்பு வரி இருந்தாலும் எத்தனை முறை ஓஎஸ் போட்டாலும் பயனில்லை.

இரண்டாவது சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லைவ் லினக்ஸ். எனக்கு ஒன்றே ஒன்றுதான் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். முதலில் டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையைப் படி. மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்கள், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்கள் என்ற இரண்டு வரிகளைப் பார். அந்த எண்கள் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் சாகக் கிடக்கிறது. அதன்மேல் செக்டிஸ்க் ஓட்டாதே, அந்த உழைப்பிலேயே அது போய்ச் சேர்ந்துவிடும். டிடிரெஸ்க்யூவை வைத்து வேறொரு டிஸ்க்குக்கு அப்படியே நகல் எடு. படிக்கச் சுலபமான இடங்களை முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்கு அது பிறகு திரும்பி வரும். எதுவரை எடுத்தது என்பதை ஒரு மேப் கோப்பில் எழுதி வைக்கும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்தக் கோப்பைப் பென்டிரைவில் சேமி, ராமில் இருந்தால் கரண்டோடு அதுவும் போய்விடும். நகல் எடுக்கும்போது எந்த டிஸ்க்கிலிருந்து எந்த டிஸ்க்குக்கு என்று மாடல் பெயரையும் அளவையும் வாய்விட்டுப் படித்த பிறகே என்டரைத் தட்டு. நல்ல டிஸ்க்கை எஸ்எஸ்டிக்கு மாற்றக் குளோன்ஸில்லா போதும், எச்சரிக்கை மட்டும் அதேதான்.

ஸ்டுடியோக்காரர் கல்யாணப் படங்கள் அழிந்த மெமரி கார்டோடு ஓடி வருவார். அதில் இனி ஒரு படம்கூட எடுக்க வேண்டாம் என்று போனிலேயே சொல். பிரெஞ்சுக்காரர் கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய ஃபோட்டோரெக், கோப்புப் பட்டியல் போயிருந்தாலும் ஒவ்வொரு படத்தின் தொடக்க அடையாளத்தைத் தேடி மீட்கும். மீட்டதை வேறு டிஸ்க்கில் எழுது. எஸ்எஸ்டியில் அழிந்ததற்கு மட்டும் வாக்குக் கொடுக்காதே. அழிந்த இடங்களைத் துடைத்துவிடும் டிரிம் வேலை செய்திருந்தால் அங்கே மீட்க ஒன்றும் மிச்சமிருக்காது.

இனி பழைய சிஸ்டங்கள். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத கம்ப்யூட்டர்கள் உன் கடைக்கு வந்துகொண்டுதான் இருக்கும். 2 ஜிபி ராம் இருந்தால் பப்பி லினக்ஸையோ ஆன்டிஎக்ஸையோ ஓட்டிப் பார், 4 ஜிபிக்கு மேல் லினக்ஸ் மின்ட். ஆனால் லினக்ஸ் மேல் உனக்குள்ள ஆசைக்காக யார் சிஸ்டத்தையும் மாற்றாதே. நம் மாநிலத்தில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. சி. உமாசங்கர் மேலாண் இயக்குநராக இருந்தபோது, 2007 வாக்கில் தமிழக அரசு நிறுவனமான எல்காட் தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. என் மேஜைக்கு வந்த அந்த மடிக்கணினிகளில் பாஸ் பக்கம் யாரும் போயே பார்க்காதவைதான் அதிகம். இதில் உன் வேலை நடக்கும், வந்து பார் என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஆள் இல்லை.

அந்த ஆளாக நீ இருக்கலாம். லைவில் ஏற்றி அவரையே உட்கார வை. வைஃபை பிடிக்கிறதா, தமிழ் டைப் ஆகிறதா, ஆபீசில் இருக்கும் டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸில் பில் அடிக்கிறதா என்று அவர் கையாலேயே பார்க்கட்டும். லாரி ஆபீசில் ஈ-வே பில் பிரவுசரில் போட்டுவிடலாம். அதே சிஸ்டத்தில் டேலி ஓட வேண்டும், எடை மேடை சாஃப்ட்வேர் ஓட வேண்டும் என்றால் விண்டோஸே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பு. பென்டிரைவில் ஓடும்போது கொஞ்சம் மந்தமாக இருக்கும், டிஸ்க்கில் போட்டால் வேகம் கூடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடு.

புது லேப்டாப் வந்தால் பயாஸில் கை வைப்பதற்கு முன் பிட்லாக்கர் மீட்புச் சாவி இருக்கிறதா என்று கேள். செக்யூர் பூட்டை மாற்றியதும் அடுத்த முறை விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கலாம். சொந்தக்காரரிடம் அது இல்லையென்றால் டேட்டா மொத்தமும் பூட்டுக்குள் போய்விடும், பழி உன் மேல் விழும். விண்டோஸை முழுசாக நிறுத்தாமல் வேகத் தொடக்கத்தில் விட்டிருந்தால், லினக்ஸ் அந்த டிஸ்க்கைப் படிக்க மட்டும் விடும். வலுக்கட்டாயமாக எழுதப் போகாதே. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் செய்துவிட்டு வா.

பூட்டாத டிஸ்க் என்றால் நிலைமை நேர்மாறு. விண்டோஸ் பாஸ்வேர்டு எதுவாக இருந்தாலும் லைவ் ஓஎஸ் கேட்காது. குடும்பப் படம், பேங்க் பேப்பர், பண்ணைக் கணக்கு எல்லாம் உன் கண்முன் திறந்து கிடக்கும். நகல் ஆனதா என்று பார்க்கக் கோப்பின் அளவும் எண்ணிக்கையும் போதும். திறந்து சரிபார்த்தே ஆக வேண்டுமென்றால் சொந்தக்காரர் பக்கத்தில் இருக்கும்போது திற. வேலை முடிந்து அவர் ஒப்புக்கொண்டதும் உன்னிடம் உள்ள நகலை அழி. சின்ன ஊரில் ஒரு பேச்சு கிளம்பினால் கடை எழாது.

ஒன்று பாக்கி. ஐஎஸ்ஓவை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கி, ஷா256 எண்ணை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு ஏற்று. எத்தனை பேர் சிஸ்டத்தில் செருகப்போகும் பென்டிரைவ் அது.

கூலி விஷயத்தில் கூச்சப்படாதே. "ஒண்ணுமே மாத்தலையே, எதுக்குக் காசு?" என்பார்கள். என்ன பார்த்தாய், என்ன கண்டாய், எதைத் தொட்டாய், எதைத் தொடவில்லை என்று நாலு வரி சீட்டில் எழுதிக் கொடு. டேலி டேட்டா அப்படியே இருக்கிறது என்ற வரியை மேலே எழுது. அதைப் படித்துவிட்டுப் பேரம் பேசுகிறவர் குறைவு.

அன்புடன்,
உன் அண்ணன்,
சேலம்