குறுந்தொகையில் ஒரு நொச்சி
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

எட்டுத்தொகை நூல்களுள் ஒன்று குறுந்தொகை. பெரும்பாலும் 4 முதல் 8 அடி வரையுள்ள 401 சிறு பாடல்களின் தொகுப்பு. டாக்டர் உ.வே.சாமிநாதையர் 1937-இல் இதனை உரையுடன் பதிப்பித்தார். இதில் பாடியோர் அனைவரும் அரண்மனைப் புலவர் என்று நான் எண்ணியிருந்தேன். பெயர்களைப் படித்தபோது அவ்வெண்ணம் மாறியது. மதுரையில் துணி விற்ற அறுவை வாணிகன் இளவேட்டனார் இருக்கிறார். கொல்லன் அழிசி இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆதலால் இப்பெயர்கள் எனக்குத் தனி மகிழ்ச்சி அளித்தன.

கூடலூர் கிழாரின் 167-ஆம் பாடல் ஓர் அடுப்படிக் காட்சி. புதிதாய்க் குடித்தனம் வைத்த பெண் தயிரைப் பிசைந்த விரலை உடுத்த சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்புப் புகை கண்ணை மறைக்கிறது. கணவன் உண்டு, ‘இனிது’ என்கிறான். அவள் முகம் மற்றவர் அறியாதபடி மலர்கிறது. பார்த்து வந்த செவிலித்தாய் இதைச் சொல்கிறாள். வீட்டில் இக்கதையைச் சொன்னேன். “வாய்விட்டுச் சொன்னானா? பரவாயில்லையே!” என்று அம்மா சிரித்தார். அப்பா தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

என்னை அதிகம் அலைக்கழித்தது கொல்லன் அழிசியின் 138-ஆம் பாடல். ஐந்தே அடிகள். ஊர் உறங்கியும் நாங்கள் உறங்கவில்லை. வீட்டருகே நொச்சிப் பூ உதிரும் ஓசையைக் கேட்டுக் கிடந்தோம் என்று, இரவில் வாராது போன தலைவனிடம் தோழி கூறுகிறாள். கோபமாக ஒரு சொல்லும் இல்லை.

நொச்சியின் தாவரவியற் பெயர் வைடெக்ஸ் நெகுண்டோ. காம்பின் நுனியில் ஒரே புள்ளியிலிருந்து 3 அல்லது 5 சிற்றிலைகள் விரியும். நாம் ரெக்கார்டு நோட்டில் ‘கூட்டிலை’ என்று எழுதுகிறோம். அழிசியோ மயிலின் காலடி போன்றது என்கிறார். வரைந்து பார்த்தால் சரியாகவே இருக்கிறது. பூவின் நீல நிறத்தையும், கொத்தாய்ப் பூப்பதையும் அவர் விடவில்லை. ஆனால் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத பூ விழுந்தால் ஓசை கேட்குமா? இது உயர்வு நவிற்சி என்றே கருதினேன். சோதித்துப் பார்க்க, கோச்சடையில் வைகைக் கரையோர நொச்சிப் புதரருகே ஒரு மாலை அமர்ந்தேன். மேலக்கால் ரோட்டு பஸ் ஹாரன்தான் கேட்டது! கொசுக்கடி வேறு. (வீட்டில் ஆவி பிடிக்க ஒரு கொத்து ஒடித்து வந்ததே மிச்சம்.)

தழையை வாங்கிய அம்மா விவரம் கேட்டார். அவருக்குக் கையெழுத்து மட்டுமே போடத் தெரியும். அப்பா மாட்டுத்தாவணிக் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குபவர். இரவு போனால் விடியும் நேரத்தில்தான் வருவார். பாட்டைச் சொன்னேன், என் ஐயத்தையும் சொன்னேன்.

“சாயங்காலம் போய் உக்காந்தா எப்படிய்யா கேக்கும்? ஊரெல்லாம் அடங்கி, வர வேண்டியவுக வராம, கண்ணு மூடாமக் கெடந்தாத்தான் கேக்கும். உங்க அப்பா வர்ற வரைக்கும் எனக்குத் தகரத்துல பல்லி ஓடுறதுகூடக் கேக்கும்” என்றார்.

அதே தகரக் கூரையின் கீழ்தான் நானும் இருபது ஆண்டுகளாக உறங்குகிறேன். அந்தப் பல்லியின் ஓசையை ஒருநாளும் கேட்டதில்லை.